அனுபவ நிபுணரின் அண்ணன்

பெரியவனுக்குத் தன் தம்பி மேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்கே தெரியும். தம்பிக்கு அறிவு வளர்ச்சி பிறவியிலேயே மெதுவாகத்தான் நடந்தது. நாற்பதைத் தாண்டியும் கடிகாரம் பார்த்து மணி சொல்ல வராது. மூன்று வரி படித்தால் முதல் வரி மறந்துபோகும். அப்படிப்பட்டவனைப் பார்த்து யாராவது வயிறு எரிவார்களா? பெரியவன் எரிந்தான். சின்ன வயதிலிருந்தே எரிந்துகொண்டிருந்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. தெருவில் எதிர்ப்படுகிற எல்லோரும் அவனிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி எப்படி இருக்கான்?" பெரியவனுக்கே மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பார்க்க வந்தவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதையேதான் கேட்டார்கள். சின்னவன் ஓடிவருவதைக் கண்டால் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். பெரியவன் ஓடிவந்தால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவார். வீட்டில் முதல் டீ சின்னவனுக்கு. ஆடை படிந்த அடி டீ பெரியவனுக்கு.

பெரியவன் படச்சட்டக் கடை வைத்திருந்தான். ஊருக்குச் சட்டம் போடுகிறவர்கள் பெரிய பெரிய கட்டடங்களில் உட்கார்ந்திருக்க, இவன் ஊர்க்காரர்களின் கல்யாணப் போட்டோவுக்குச் சட்டம் போட்டுப் பிழைத்தான். சின்னவன் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற ஒரு சலவைக்கூடத்தில் துண்டு மடித்தான். அங்கே அவனுக்கென்று ஒரு மேஜை இருந்தது. தினமும் தனியாக பஸ்ஸில் போவான், தனியாக வருவான். கழுத்தில் தொங்கும் இலவச பாஸைப் பஸ் வாசலில் இருக்கிற எந்திரத்தில் காட்டினால் கதவு திறக்கும். அந்தத் திறப்பில் அவனுக்கு ஒரு ராஜ கம்பீரம்.

வருஷத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஒரு கவுண்ட்டர் இருந்தது. உள்ளே ஒரு அம்மா இரண்டு கேள்வி கேட்டு முத்திரை குத்தித் தருவார். இந்த வருஷம் போனபோது ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் ஒரு அறிவிப்பு:

'உங்கள் வசதிக்காக இந்தக் கவுண்ட்டர் மூடப்பட்டது. அறிவுசார் குறைபாடு உள்ளோர் இனி எவர் உதவியும் இன்றி, எளிது என்னும் செயலி வழியாகத் தாங்களே பாஸைப் புதுப்பித்துக்கொள்ளலாம். – எளிமையாக்கல் ஆணையம்.'

பெரியவன் போனில் அந்தச் செயலியை இறக்கினான். 'தங்களது புலனறிதல்சார் சுமையைக் குறைக்கும் பொருட்டு உருவாக்கப்பட்டுள்ள இச்செயலிக்குத் தங்களை வரவேற்பதில்' என்று தொடங்கிய வாக்கியம் இரண்டு திரைக்கு ஓடியது. பிறகு கடவுச்சொல் கேட்டது. அதில் எழுத்து, எண், குறியீடு மூன்றும் இருக்க வேண்டும். எளிதில் நினைவில் நிற்கக் கூடாது. பிறகு, நீங்கள் மனிதர்தான் என்பதை நிரூபிக்க, மங்கலான படங்களில் எதிலெல்லாம் பாலம் இருக்கிறது என்று தொடச் சொன்னது. 'அடுத்து' என்கிற பச்சைப் பட்டன் முதல் திரையில் கீழே வலதுபக்கம் இருந்தது. இரண்டாவதில் மேலே இடதுபக்கம், நீல நிறத்தில். மூன்றாவதில் அதைக் காணவே இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போதே 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று சொல்லி முதல் திரைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஆணையத்துக்கே போனான். உதவி மேஜையில் காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண் இருந்தாள்.

"அம்மா, மூணாவது திரையில பட்டன் எங்க போச்சு?"

"உங்க கேள்விய செயலியில பதிவு பண்ணுங்க சார்."

"செயலியிலதாம்மா பட்டனக் காணோம்."

"அதையும் செயலியில பதிவு பண்ணுங்க."

"பட்டன் எங்க போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் போயிடுவேன்."

"சார், சத்தம் போடாதீங்க. இங்க சத்தம் தாங்காத, கூருணர்வு உள்ளவங்க வர்ற இடம்."

காவலாளி எழுந்து நின்றார். பெரியவன் வந்த வழியே திரும்பினான்.

அடுத்த முறை போனபோது, நேரில் பார்த்தாலாவது இரக்கம் வருமோ என்று சின்னவனையும் கூட்டிப்போனான். அன்றைக்கு ஆணையத்தின் இயக்குநர் வெளியூர் விருந்தாளிகள் சிலரைக் கூட்டிக்கொண்டு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். அதே நேரம் சின்னவன் போனை மேஜையில் தட்டி, கூடமே அதிரும்படி கேட்டான்: "பட்டன் எங்க போச்சு?"

இயக்குநர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விருந்தாளிகளும் துடைத்துக்கொண்டார்கள்.

"கேட்டீங்களா?" என்றார் இயக்குநர். "இத்தனை வருஷமா நாம கருத்தரங்கு நடத்தினோம், வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டோம், கடற்கரை ஓட்டல்ல மூணு நாள் தங்கிச் சிந்திச்சோம். ஒருத்தராவது இந்தக் கேள்விய நம்மகிட்ட கேட்டாங்களா?"

"நான் கேட்டேன் சார்," என்றான் பெரியவன். "இதே இடத்துல. இதே வார்த்தையில."

இயக்குநர் அவனைக் கனிவாகப் பார்த்தார். "நீங்க கேட்டது புகார். இவர் கேட்டது குரல்."

அந்த வாரமே சின்னவனை ஆணையத்தின் 'அனுபவ நிபுணர்' ஆக்கினார்கள். கருநீலக் கோட்டு வந்தது, மார்பில் ஆணையத்தின் சின்னத்தோடு. அடையாள அட்டை வந்தது. வாரத்தில் ஒரு நாள் வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது.

"ஏங்க, கார் வந்திருக்கு," என்று கூப்பிட்டாள் பெரியவனின் மனைவி. அவன் அவசரமாகச் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இல்ல," என்றும் சொன்னாள்.

ஆனாலும் நிபுணருக்கு ஒரு துணையாள் வேண்டும் என்று விதி இருந்ததால் அவனும் போனான். டிரைவர் பக்கத்து சீட்டில், மடியில் தம்பியின் தண்ணீர் பாட்டிலோடு. அவன் சட்டையில் 'துணையாள்' என்று ஒரு காகிதத்தை ஒட்டினார்கள். வேர்வையில் அது அடிக்கடி உரிந்து விழுந்தது.

கூட்டங்களில் எல்லோரும் சின்னவனிடம் கிணற்றுக்குள் இருக்கிறவனிடம் பேசுவதுபோல, நிறுத்தி நிறுத்தி, கத்திப் பேசினார்கள். செயலியை வடிவமைக்கிற இளம்பெண் ஒருத்தி இருந்தாள். சுறுசுறுப்பானவள், எந்தத் திரையும் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் அவளுக்குக் கை அரிக்கும்.

"சார், இந்தத் திரையோட பயணத்துல உணர்வுபூர்வமா நீங்க இப்போ எந்த இடத்துல இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நாற்காலியில," என்றான் சின்னவன்.

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

"இந்த ஆணையத்துக்கு நீங்க சொல்ல விரும்புறது?"

"பட்டன நகத்தாதீங்க. நேத்து இருந்த இடத்துலயே இருக்கணும். எனக்குத் தேட வராது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்த வாரம் இயக்குநர் பெருமையோடு அறிவித்தார்: "நிபுணரோட கருத்துக்கு மதிப்புக் கொடுத்து, பட்டன இன்னும் நல்ல இடத்துக்கு மாத்திட்டோம்."

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. பெரியவனின் கடைக்கு ஆணையத்திலிருந்து ஒரு வேலை வந்தது. நல்ல கெட்டித் தாளில், தங்கக் கரையோடு அச்சடித்த வாசகம் ஒன்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும், வரவேற்புக் கூடத்தில் மாட்டுவதற்கு. பிரித்துப் பார்த்தான். 'பட்டன் எங்க போச்சு? – அனுபவ நிபுணர்.'

ஒரு கண்ணாடி வெட்டும்போது உடைந்தது. இன்னொன்று உடைந்தது, கொஞ்சம் அவன் மனசறிய. மூன்றாவதைப் போட்டு முடித்துச் சுவரில் சாய்த்துவைத்தான். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அதையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்ன ஆழம்!" என்றார். பிறகு கேட்டார்: "தம்பி எப்படி இருக்கார்?"

பாஸ் மட்டும் வந்தபாடில்லை. காலாவதி தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியவன் இயக்குநரைத் தாழ்வாரத்தில் மடக்கினான்.

"சார், உங்ககிட்டயே வேலை பாக்குறான். அவனுக்கே பாஸ் கிடைக்கலைன்னா எப்படி சார்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க. இங்க இருக்கிறவர் நிபுணர். பாஸ் கேட்கிறவர் பயனாளி. ரெண்டும் வேற வேற பிரிவு. நிபுணரே பயனாளியா இருந்தா எங்க நடுநிலைமை என்ன ஆகும்? எங்க செயலியால எங்களுக்கு வேண்டியவங்க ஒருத்தருக்குக்கூட இன்னிக்கு வரைக்கும் நன்மை கிடைச்சதில்ல. அதுதான் எங்க நேர்மை."

இந்த நேரத்தில் வடிவமைக்கிற பெண் லீவில் போனாள். செயலியில் கைவைக்க யாரும் இல்லாததால் பட்டன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. சின்னவன் அதே திரைகளை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தான். அவனுக்கு எதுவும் ஒரு தடவையில் வராது. ஆனால் வந்துவிட்டால் போகாது. ஒரு நாள் கூட்டத்தின் நடுவில், யாரும் கேட்காமலே, முதல் திரையிலிருந்து கடைசித் திரைவரை தொட்டுக்கொண்டே போய் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டான். "போயிடுச்சு!" என்று கையைத் தட்டினான்.

வேறு யாரும் தட்டவில்லை. செயலி யாருக்கெல்லாம் புரியவில்லை என்று ஆய்வு செய்கிற மதிப்பீட்டாளர் அம்மையார் எழுந்து வந்து, அம்மை போட்டிருக்கிறதா என்று பார்ப்பதுபோல அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"கத்துக்கிட்டார்," என்றார்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"யாராவது இவருக்குச் சொல்லிக்கொடுத்தீங்களா?"

எல்லோரும் மறுத்தார்கள். இத்தனை நாளில் அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை ஒருமனதாகத் தீர்மானமே போட்டார்கள்.

"இனிமே இவர் புரியாதவங்களோட பிரதிநிதி இல்ல. இவருக்குப் புரிஞ்சிடுச்சு. கெட்டுப்போன சாம்பிள வச்சு நான் எப்படி ஆய்வு பண்றது?"

கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அதற்குள் போனில் பதிலும் வந்துவிட்டது: 'வாழ்த்துகள்! எவர் உதவியும் இன்றி விண்ணப்பித்துள்ளீர்கள். எனவே தங்களுக்கு உதவி தேவையில்லை என்பது உறுதியாகிறது. இலவச பாஸ் நிராகரிக்கப்பட்டது.'

பெரியவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "கொடுடா இங்க," என்று போனைப் பிடுங்கினான். "உதவி இருந்தாத்தான் தருவீங்களா? இந்தா, நான் உதவி பண்றேன்."

சற்று முன்புதான் வடிவமைக்கிற பெண் லீவு முடிந்து வந்திருந்தாள். வந்த கையோடு பட்டன்களை இடம் மாற்றியிருந்தாள். பெரியவன் தொட்டான், தடவினான், போனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். பாலம் கேட்ட இடத்தில் படகைத் தொட்டான். செயலி அவனை மனிதனில்லை என்று சொல்லி முதல் திரைக்கு அனுப்பியது. மறுபடி தொடங்கினான். மறுபடி அனுப்பியது.

நிமிர்ந்தபோது மதிப்பீட்டாளர் அம்மையார் பூரித்துப்போய் நின்றுகொண்டிருந்தார்.

"சார், இவரைப் பாருங்க. ஒண்ணுமே புரியல. சுத்தம்!"

"அற்புதம்," என்றார் இயக்குநர்.

"எனக்குக் குறைபாடு எதுவும் இல்லீங்களே," என்றான் பெரியவன்.

"குறைபாட்ட நாங்க பரந்த பார்வையோட அணுகுறோம். கையை நீட்டுங்க."

நீட்டினான். கோட்டின் ஒரு கை ஏறியது. பிறகு இன்னொன்று. இது சரியில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் கைதட்டினார்கள். பிறந்ததிலிருந்து அவனுக்காக யாரும் கைதட்டியதில்லை. வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வாரம் கார் வந்தது. சின்னவன்தான் முதலில் ஓடினான்.

"இன்னிக்கு எனக்குடா," என்றான் பெரியவன்.

"அது என் காரு."

"இப்ப என்னுது."

பின்சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான், தெருவில் நாலு பேர் பார்க்கட்டும் என்று. சின்னவன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அன்று ராத்திரி சாப்பாட்டில் தன் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். "அண்ணன் கூட நான் டூ," என்று அண்ணியிடம் சொன்னான்.

பெரியவனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கப்பட வேண்டிய சந்தோஷம். வெட்கப்பட்டான்தான், ஆனால் சந்தோஷத்தை விடவில்லை. தன் மேலும் ஒருவன் பொறாமைப்படுகிறான்!

ஆணையத்தில்தான் அந்தச் சந்தோஷம் முழுசாக நிறையவில்லை. அவனும் யோசித்து யோசித்து வாசகங்கள் சொல்லிப் பார்த்தான். "தலை சுத்துது" என்றான். "யாருக்காக இத செஞ்சீங்க?" என்றான். இயக்குநர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா தம்பி சொன்ன அளவுக்கு இல்ல," என்பார்.

பாஸ் காலாவதியானது. சின்னவன் வழக்கம்போல பஸ் வாசலில் போய்க் காட்டினான். எந்திரம் சிவந்து கத்தியது. மறுபடி காட்டினான், மறுபடி கத்தியது. "கதவு என் கையில இல்லப்பா," என்றார் டிரைவர். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்ததாம்.

"நான் டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போறேன்," என்றான் பெரியவன்.

"வேணாம். நான் தனியாப் போவேன். இல்லேன்னா போகல."

போகவில்லை. வீட்டிலிருந்த துண்டையெல்லாம் எடுத்து மடித்து அடுக்கினான். அடுக்கியதைப் பிரித்துப் போட்டு மறுபடி மடித்தான். சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் போன் பண்ணினார்: "அவன் மேஜைய ரொம்ப நாள் காலியா வைக்க முடியாதுங்க. வேற ஆளப் போடச் சொல்றாங்க."

மனைவி பெரியவனின் கோட்டில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டாள். "கோட்டு உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு," என்றாள். "உள்ள போய் அவனயும் ஒரு பார்வை பாருங்க."

பார்த்தான். சின்னவன் தரையில் உட்கார்ந்து ஒரு கைக்குட்டையைத் துண்டு மாதிரி மடித்துக்கொண்டிருந்தான். துண்டெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விழா நாள் வந்தது. எளிது செயலியின் அடுத்த பதிப்பான 'மிக எளிது' வெளியீடு. மாநாட்டு அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் துறை அமைச்சர். சின்னவன் அண்ணியோடு மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வந்ததே, மேடையில் அண்ணன் எதையாவது தப்பாகச் செய்வான், பார்க்கலாம் என்றுதான்.

இயக்குநர் பேசினார். "எளிமை என்பது எளிதல்ல. இந்தச் செயலியை எளிமையாக்க எங்களுக்கு நானூறு பக்க அறிக்கை தேவைப்பட்டது. முன்பெல்லாம் ஒரு ஜன்னல், ஒரு அம்மா, ஒரு முத்திரை. மக்கள் அங்கே கைகட்டி நின்றார்கள். இன்று யார் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. ஏனென்றால் அங்கே யாரும் இல்லை!"

கைதட்டல்.

"இப்போது நம் அனுபவ நிபுணர், எதுவுமே புரியாத நிலையிலிருந்து, உங்கள் கண்முன்னே ஒரு பாஸைப் புதுப்பித்துக் காட்டுவார்."

பெரியவன் தம்பியின் பாஸ் எண்ணைத்தான் அடித்தான். இத்தனை பேர் முன்னால் நடந்தால் அதை யாரும் நிராகரிக்க முடியாது என்று கணக்குப் போட்டிருந்தான். அவன் கையிலிருந்த போன் மேடைக்குப் பின்னாலிருந்த பெரிய திரையிலும் தெரிந்தது. முதல் திரை தாண்டியது. இரண்டாவது தாண்டியது. மூன்றாவதில் வெள்ளை வெளேரென்று எதுவுமே இல்லை. நடுவில் ஒரு பூ மட்டும் மெல்ல மலர்ந்துகொண்டிருந்தது. அவன் பூவைத் தொட்டான். செயலி அவன் பாதுகாப்புக்காக முதலிலிருந்து தொடங்கியது.

மூன்றாவது தடவை பூ மலர்ந்தபோது அவன் போனிலிருந்து விரலை எடுத்தான். கூட்டத்தைப் பார்த்தான்.

"டேய், கொஞ்சம் வாடா," என்றான் மைக்கிலேயே.

"நீதான நிபுணரு," என்றது மூன்றாவது வரிசை. "நீயே பண்ணு."

அரங்கம் சிரித்தது.

"எனக்குத் தெரியலடா. நெஜமாவே தெரியல. உன் பாஸுடா இது. என்னால வாங்கித் தர முடியல."

சின்னவன் கட்டிய கையைப் பிரித்தான். "அண்ணா, நீ அழுவுறியா?"

"இல்லடா. வேர்வை."

சின்னவன் எழுந்து மேடைக்கு வந்தான். யாரும் தடுக்கவில்லை, இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்தார்கள். போனை வாங்கி, தனக்குப் பழக்கமான இடங்களில் எல்லாம் தொட்டான். எதுவும் அங்கே இல்லை. "எனக்கும் தெரியல," என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

இயக்குநர் சிரித்தபடி வந்து தொட்டார். சிரிப்பு போயிற்று. வடிவமைக்கிற பெண் வந்தாள். போன வாரம் பட்டனைத் தான்தான் பூவுக்குள் வைத்ததாகவும், பிறகு பூவையே மாற்றிவிட்டதாகவும் சொன்னாள். அமைச்சரே மேடையேறி, "கொடுங்கய்யா," என்று வாங்கினார். ஒரு போன்மேல் ஐந்து தலைகள் குனிந்திருப்பதைப் பெரிய திரையின் முன்னால் அரங்கமே பார்த்தது. செயலி அமைச்சரை மனிதனில்லை என்றது.

அமைச்சர் போனை மேஜையில் வைத்தார். "யாருக்குப் பாஸ்?"

"எனக்கு," என்றான் சின்னவன்.

"எங்க போகணும்?"

"துண்டு மடிக்க."

"ஒரு பேப்பர் கொண்டாங்கய்யா. முத்திரை இருக்கா?"

முத்திரை மேல்மாடி அலமாரியில் இருந்தது. கொண்டுவந்து ஊதித் தூசி போக்கிக் குத்தினார்கள். பஸ் எந்திரத்தில் பதிந்துவிடச் சொல்லி அமைச்சர் அங்கேயே ஒருவருக்குப் போன் போட்டார். இயக்குநர் சட்டென்று மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! நீங்கள் இப்போது பார்த்ததுதான் எங்கள் மூன்றாவது பதிப்பு. எதிரே ஒரு மனிதர், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. உலகத்துக்கே புதுசு!"

அந்தப் பதிப்பு மறு மாதமே நடைமுறைக்கு வந்தது. பழைய கவுண்ட்டரின் ஷட்டரை ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். வரிசையில் நிற்பதற்கான டோக்கனை மட்டும் செயலியில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். பெரியவனின் கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இத்தனை பேர் பார்க்கப் பட்டனைத் தேடித் தோற்ற அனுபவத்தைப் பாராட்டி, அமைச்சரையே கௌரவ அனுபவ நிபுணர் ஆக்கினார்கள். பேப்பரில் போட்டோ வந்தது. அண்ணனும் தம்பியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு அதைப் பார்த்தார்கள்.

"நம்ம கோட்டு," என்றான் சின்னவன்.

"அவருக்குத் தோள்ல சரியாவே உக்காரல," என்றான் பெரியவன்.

சின்னவன் வேலைக்குத் திரும்பின முதல் நாள், எந்திரம் மறுபடி கத்தினால் என்ன செய்வது என்ற பயத்தில் பெரியவனும் அதே பஸ்ஸில் போனான், தெரியாதவன்போலப் பின்னால் தள்ளி நின்றபடி. எந்திரம் கத்தவில்லை. சலவைக்கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னவன் உள்ளே நுழைந்ததும், நீராவிக்கு நடுவிலிருந்து ஒரு பெருங்கூச்சல் எழுந்தது. "வந்துட்டான்யா!" யாரோ வாளியைத் தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். பெரியவன் வாசலிலேயே நின்றான். தான் எந்த இடத்துக்குள் நுழைந்தபோதாவது இப்படி ஒரு சத்தம் கேட்டதா என்று யோசித்தான். பழகிய எரிச்சல் அடிவயிற்றில் மெல்லப் பற்றிக்கொண்டது.

சின்னவன் திரும்பிப் பார்த்துவிட்டான். கதவருகே வந்தான்.

"நீ எதுக்கு வந்த?"

"சும்மாதான்டா. உள்ள வந்து ஒரு தடவை உன் மேஜையப் பாக்கட்டுமா?"

சின்னவன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். இடுப்பில் கைவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான்.

"துண்டு மடிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அப்ப கையக் கழுவிட்டு வா," என்றான் சின்னவன்.